புதன்கிழமை ராட்டினம்

என் சகலையை எனக்குப் பிடிக்காது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே. என் மனைவியின் அக்காள் புருஷன். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். பெங்களூரில் அரசாங்க ஆபீசில் உத்தியோகம். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. இப்படிப்பட்ட மனுஷனை எதைச் சொல்லி வெறுப்பது? அதனால் வெறுக்கவில்லை. வயிற்றெரிச்சல்தான் பட்டேன். அதுவும் வருஷக்கணக்காக.

அந்த எரிச்சலில் பெரிய பங்கு ஞாயிற்றுக்கிழமைக்கு உண்டு. அவருக்கு ஞாயிறு லீவு, எனக்குக் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓசூரில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டராக இருந்தேன். எல்லாக் கம்பெனிகளும் ஒரே நாளில் மூடி ஒரே நாளில் ஓடினால் கரண்டு பத்தாது என்று, அப்போது ஏரியாவுக்கு ஒரு நாளாக வார லீவைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பங்குக்கு வந்தது புதன். எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் புதன்கிழமைதான் கறி எடுப்போம். காலனி முனையில் கடை வைத்திருந்த பாய் எங்களுக்காகவே புதன்கிழமையும் ஆடு அறுப்பார். என் பையன் செவ்வாய்க்கிழமை சாயந்திரம், "நாளைக்கு ஞாயித்துக்கிழமையாப்பா?" என்று கேட்பான். நாங்கள் யாரும் திருத்துவதில்லை.

சகலை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். நான் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், "மாமா இப்பதான் கெளம்பினாரு" என்பாள் என் மனைவி. கூடத்தில் காலி டம்ளர்கள் இருக்கும். பெங்களூர் பேக்கரி டப்பாவில் எனக்கென்று எடுத்து வைத்த ஒரு துண்டு கேக்கு இருக்கும். அப்புறம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் மாமா இப்படிச் சொன்னார், பெரியப்பா அப்படிச் செய்தார் என்று என் வீட்டு ஆட்களே என்னிடம் அவர் புராணம் பாடுவார்கள். அந்தக் கேக்கை நான் ஒரு நாளும் ருசித்துச் சாப்பிட்டதில்லை. விட்டதும் இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ஆல்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெங்களூருக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அவர்கள் போய் வந்திருந்தார்கள். தண்ணீரில் சறுக்குவது, சுற்றும் கோப்பைகள், மோதிக்கொள்ளும் குட்டிக் கார்கள், நாலு மாடி உயர ராட்டினம். எல்லாவற்றிலும் அவர் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். "பசங்க நிதானமா பாக்கட்டும், அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கிறேன்" என்று ஆல்பத்தை விட்டுவிட்டே போயிருந்தார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. பெரியப்பா மகளும் அவளும் மூன்று மாசம் முன்பின். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொள்வாள். தம்பி தொட்டால் கையைத் தட்டி விடுவாள். அவள் பார்த்தது ராட்டினப் படத்தை மட்டும்தான். ஒரு நாள் என்னிடம், "அதுல மேலே போனா ஓசூர் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்காததால் மாட்டிக்கொண்டேன்.

"நாமளே போய்ப் பாத்துடலாம்" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். அவளுக்கு ராட்டினம் காட்ட வேண்டும் என்பது பாதி. சகலை போன இடத்துக்கு நானும் போய்விட்டேன், நானும் ஆல்பம் போட்டுவிட்டேன் என்று அவர் முன்னால் நிற்க வேண்டும் என்பது மீதிப் பாதி. எந்தப் பாதி பெரிசு என்று கேட்டால் அப்போது சண்டைக்கு வந்திருப்பேன்.

என் மனைவி ஒன்று சொன்னாள். "மாமா ஞாயித்துக்கிழமைதான் போகச் சொன்னாரு. அன்னிக்குப் போனாத்தான் நல்லதாம். ஒரு நாள் லீவு போடேன்."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, அவர் அப்படித்தான் சொல்வார். எனக்குப் புதன், நான் புதன்கிழமைதான் போவேன். அவரைக் கேட்டுக்கொண்டுதான் என் பிள்ளைகளை நான் வெளியே கூட்டிப் போக வேண்டுமா என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், புதன்கிழமை என்றால் காலியாக இருக்கும், ஒரே ராட்டினத்தில் பத்துத் தடவை சுற்றலாம் என்று பிள்ளைகளுக்கு விளக்கமும் கொடுத்தேன். அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கேமரா எங்கள் லைனில் என்னோடு வேலை பார்த்த மாலூர்க்காரரிடம் இரவல் வாங்கினேன். கன்னடக்காரர், ஆனால் பதினைந்து வருஷ ஓசூர் வாசத்தில் தமிழ் எங்களை விட வேகமாகப் பேசுவார். நானும் அவரிடம் கன்னடம் பேசுவேன். எங்கள் ஊர்ப்பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசத் தெரியாதவன் கடையில் உப்புக்கூட வாங்க முடியாது. ஆனால் கன்னட எழுத்து எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. பஸ் போர்டையே நம்பரைப் பார்த்தும் கண்டக்டரைக் கேட்டும்தான் சமாளிப்பேன். அதைப் பெரிய குறையாக நான் அதுவரைக்கும் நினைத்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் கிளம்பினோம். புளிசாதம், தண்ணீர் பாட்டில், நனைந்தால் மாற்ற இரண்டு செட்டுத் துணி. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. பெங்களூரில் இறங்கி இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு ஆட்டோ. ஆட்டோ திரும்பும்போதே மரங்களுக்கு மேலே ராட்டினம் தெரிந்தது. என் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராட்டினம் நின்றுகொண்டிருந்தது. அதன் நடு அச்சில் ஒரு ஆள் கயிறு கட்டி உட்கார்ந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியிலும் லீவு நாளில்தான் மிஷின்களைப் பிரித்துக் கிரீஸ் வைப்பார்கள். புரிந்தும் புரியாத மாதிரி வாசல் கேட்டு வரைக்கும் நடந்தேன். பெரிய மீன் வாயைப் பிளந்த மாதிரி கட்டிய வளைவு. அதற்குக் கீழே கம்பிக் கேட்டு, பூட்டியிருந்தது. வாட்ச்மேன் வெளியே வந்து, இன்றைக்கு லீவு, வாராவாரம் இந்த நாள் லீவுதான், நாளைக்கு வாங்க என்று கன்னடத்தில் சொன்னார். நாளைக்கு எனக்குக் காலை ஏ ஷிப்டு.

அவரிடம் மல்லுக்கு நின்றேன். ஓசூரிலிருந்து வருகிறோம், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், உள்ளே விட்டுச் சும்மா சுற்றிப் பார்க்கவாவது விடுங்கள் என்று கெஞ்சினேன், அப்புறம் சத்தமும் போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். சாவி தன்னிடம் இல்லை என்றார். பையன் தரையில் உட்கார்ந்து அழுதான். மகள் அழவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி அந்த ஆள் கிரீஸ் வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கேட்டுக்கு வெளியே ஒரு புங்கமரத்தடியில் புளிசாதத்தைச் சாப்பிட்டோம். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. கேமராவை எடுத்தேன். பூட்டு தெரியாதபடி பிள்ளைகளை முன்னால் நிறுத்தினால் பின்னால் மீன் வளைவு வரும், அதற்கும் மேலே ராட்டினத்தின் பாதி வரும். பையனின் முகத்தைக் கழுவிவிட்டு நிறுத்தினேன். டிக்கெட் ஜன்னல் பக்கம் ஒரு படம். அங்கே சிவப்பு எழுத்தில் ஒரு தகரப் போர்டு தொங்கியது. டிக்கெட் விலையாக இருக்கும், அதுவும் படத்தில் வரட்டும், அசலாக இருக்கும் என்று இரண்டடி பின்னால் போய் எடுத்தேன்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் மனைவி. நான் அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்றினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்த பிறகு, மகளிடம் சொன்னேன். யாராவது கேட்டால் போய்வந்தோம், எல்லாத்திலும் ஏறினோம், நன்றாக இருந்தது என்று சொல்லு. பெரியப்பா வீட்டில் கேட்டாலும் அதேதான். தம்பி சின்னவன், அவன் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவளுக்கு ஒரு சந்தேகம். "ராட்டினத்துலயும் ஏறினோம்னு சொல்லணுமாப்பா?"

"ஆமா."

"சரிப்பா."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் என் மகள் பெரியப்பாவின் ஆல்பத்தைப் பார்த்த விதமே மாறிவிட்டது. முன்னால் ஆசையாகப் பார்த்தவள், இப்போது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பார்த்தாள். ராட்டினத்தில் எத்தனை பெட்டி, எந்தப் பெட்டிக்கு எந்தக் கலர், கோப்பை எந்தப் பக்கமாகச் சுற்றும், தண்ணீர்ச் சறுக்கில் ஏறப் படி எங்கே இருக்கிறது. என்னிடம் வந்து, "தலை சுத்துமா சுத்தாதாப்பா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? சுற்றும் என்று சொன்னேன். கெட்டிக்காரி என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன். அதை இப்போது எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த மாசம் வேப்பனப்பள்ளியில் என் மாமனார் வீட்டில் மச்சான் குழந்தைக்குக் காதுகுத்து. எனக்காகவே வைத்த மாதிரி முகூர்த்தம் புதன்கிழமை விழுந்தது. சகலை லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் லீவு போட்டு வர, நான் லீவு போடாமல் வந்தது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். சாப்பாடு முடிந்ததும் மாந்தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மஞ்சப் பையிலிருந்து என் ஆல்பத்தை எடுத்தேன்.

"அட, நீங்களும் போயிட்டு வந்துட்டீங்களா சகலை? எப்போ?" என்றார்.

"போன மாசம். நமக்குத்தான் புதன்கிழமை லீவாச்சே" என்றேன், அலட்சியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். டிக்கெட் ஜன்னல் படத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். நான் எதிர்பார்த்ததும் அதுதான். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அவர் மகள் என் மகளை விடவில்லை. எந்தக் கலர் பெட்டியில் உட்கார்ந்தாய் என்று கேட்டாள். மஞ்சள் என்றாள் என் மகள். பயமாக இருந்ததா என்று கேட்டாள்.

"மொதல்ல பயமா இருந்துச்சு. அப்பா கையப் புடிச்சிக்கினாரு. அப்புறம் பயமில்ல. மேலே போனப்போ ஓசூர் தெரிஞ்சுது."

"ஓசூரா? பொய் சொல்ற. எனக்குத் தெரியலியே."

என் மகள் பாவாடை நுனியைச் சுருட்டினாள். சகலை ஆல்பத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மப்பு இல்லாத நாள்ல தெரியும் கண்ணு. நாம போனப்போ மப்பா இருந்துச்சு." பிறகு ஆல்பத்தை மூடி, "படமெல்லாம் நல்லா வந்திருக்கு சகலை" என்று என் கையில் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, மாங்காய் பறித்துத் தருவதாகத் தோப்புக்குள் போனார்.

அன்றைக்கு நான் மிதந்தேன். அவர் மகளுக்குத் தெரியாதது என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது, அதை அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டார். வீடு திரும்பும்போது பஸ்ஸில் பையனுக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தேன். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் ஆல்பத்தை மாலூர்க்காரரிடம் காட்டினேன். கேமரா கொடுத்த மனுஷன், காட்டாமல் இருக்கக் கூடாதே. அவர் புரட்டிக்கொண்டே வந்தவர், டிக்கெட் ஜன்னல் படத்தில் நின்று, கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, சிரித்துவிட்டார்.

"என்ன குரு, லீவு நாள்ல போய் நின்னிருக்கீங்க?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். நான் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் அந்தச் சிவப்பு எழுத்துப் போர்டின் மேல் விரலை வைத்துப் படித்தார். பிரதி புதன்கிழமை விடுமுறை. அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது. டிக்கெட் விலை இல்லை.

பெங்களூரில் இருபது வருஷம் ஆபீசில் கன்னடத்திலேயே கோப்பு எழுதுகிறவர் என் சகலை. புதன்கிழமை போனோம் என்று நானே என் வாயால் சொல்லி, புதன்கிழமை லீவு என்று எழுதிய போர்டையும் நானே அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

மிச்ச ஷிப்டு முழுக்க நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரியாது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். நன்றியாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. ஊர் கூடிய இடத்தில் என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கலாம், வைக்கவில்லை. என் மகள் மாட்டிக்கொண்டபோது வானத்தில் மப்பைக் கொண்டுவந்து காப்பாற்றினார். இந்த மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது, உத்தியோகம் கிடைத்தது, கடைசியில் பெரிய மனசும் இவனுக்குத்தானா கிடைக்க வேண்டும் என்று எரிந்தேன். அந்த எரிச்சலுக்கு முன்னால் பழைய எரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டேன். அவள் வாசல் படியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தோப்பில் பெரியப்பா உன்னிடம் ஏதாவது கேட்டாரா என்றேன்.

"இல்லப்பா. அவரு ஒண்ணும் கேக்கல."

"வேற எதுனா சொன்னாரா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க மறுபடியும் அங்க போறாங்களாம். நீங்களும் வர்றீங்களா கண்ணு, சனிக்கிழமையே வந்து கூட்டிக்கினு போறேன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"வரலைன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா? உனக்குத்தான் ராட்டினம்னா அவ்வளவு ஆசையாச்சே."

அவள் பென்சிலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இதுகூடவா உனக்குத் தெரியாது என்கிற பார்வை.

"எல்லாத்துலயும் ஏறிட்டோம்னு சொல்லியிருக்கோம் இல்லப்பா? நான் போனா மொதல் தடவை பாக்கற மாதிரிதான பார்ப்பேன். என் மூஞ்சியப் பாத்தாலே பெரியப்பா கண்டுபுடிச்சிடுவாரு. அப்புறம் உன்னத்தான் தப்பா நெனைப்பாங்க."

பெரியப்பாவுக்கு எப்போதோ தெரியும், நீ தாராளமாகப் போகலாம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஒரே ஒரு வார்த்தை. மறுநாள் சாயந்திரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில் பேசி, "கூட்டிக்கிட்டுப் போங்க சகலை" என்று சொல்லியிருந்தால் அவர் ஸ்கூட்டரில் பறந்து வந்திருப்பார். போன் வரைக்கும்கூடப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அவர் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், "அதுக்கென்ன சகலை" என்று சாதாரணமாகச் சொல்வார், அந்தக் குரலைக் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனார்கள். வானத்தில் மப்பே இல்லை. நான் ஏ ஷிப்டில் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.